எம் புக்கில் என்ன எழுதியிருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

பொது ஆவணங்களை வைத்து அரசிடம் கணக்குக் கேட்பது பற்றி எழுதிவந்த தொடருக்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன். பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன். சேலத்தில் மாவட்டச் செய்தியாளராக இருந்த காலத்திலிருந்து நான் புரட்டிக்கொண்டிருப்பது இந்தக் காகிதங்களைத்தான். அதனால் சில பதில்கள் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வணக்கம் அக்கா. நான் இதழியல் படிக்கிறேன். டேட்டா ஜர்னலிசம் செய்ய கோடிங் கட்டாயம் தெரிய வேண்டுமா? வகுப்பில் மேப், சார்ட் போடுவதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.
– மாணவர், அஸ்தம்பட்டி

கோடிங் தெரிந்தால் நல்லது தம்பி. தெரியாமலும் தொடங்கலாம். மேப்பும் சார்ட்டும் கடைசியில் வருபவை. ஒரே விஷயத்தை இரண்டு அலுவலகங்கள் இரண்டு வேறு தேவைகளுக்காக எழுதி வைத்திருக்கும். அந்த இரண்டையும் தேடிப் பிடித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் இந்த வேலை. ஒரே ஒரு தாள் இருந்தால் அது சொல்வதை நம்புவதைத் தவிர நமக்கு வழியில்லை. இரண்டாவது தாள் கைக்கு வரும்போதுதான் கேட்பதற்குக் கேள்வி கிடைக்கிறது.

2020 ஜூனில் சென்னையில் என்ன நடந்தது என்று பாருங்கள். கொரோனா இறப்புகளை மாநில சுகாதாரத் துறை தினமும் அறிக்கையாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. மாநகராட்சியில் இறப்புப் பதிவேடு தனியாக இருந்தது. பதிவேட்டில் இருக்கும் இறப்புகளில் பல அறிக்கையில் ஏறவில்லை என்று செய்தியாளர்கள் எழுதினார்கள். அரசு ஒரு குழுவைப் போட்டுச் சரிபார்த்தது. ஜூலை 22 அன்று 444 இறப்புகள் ஒரே நாளில் கணக்கில் சேர்ந்தன. அதுவரை அந்த 444 வீட்டுத் துக்கமும் அரசு சொன்ன எண்ணுக்கு வெளியேதான் இருந்தது.

இன்னொன்று, கட்சிகளுக்கு நன்கொடை தர வங்கியில் வாங்கிய தேர்தல் பத்திரம். 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்தது. மார்ச் 14-ல் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் இரண்டு பட்டியல்கள் வந்தன. யார் எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்பது ஒன்று. எந்தக் கட்சி எவ்வளவு பணமாக மாற்றியது என்பது மற்றொன்று. இவர் வாங்கியது அந்தக் கட்சிக்குத்தான் போனது என்று சொல்ல முடியவில்லை, ஏனென்றால் பத்திர எண் இரண்டிலும் இல்லை. எண்ணையும் கொடுங்கள் என்று நீதிமன்றம் மறுபடி சொல்லி, மார்ச் 21-ல் அது வெளியானது. அதன் பிறகு வாங்கியவரையும் கட்சியையும் வரிக்கு வரி கோத்துவிட்டார்கள். ஆகவே நீங்கள் எந்தப் பட்டியலைக் கேட்டாலும் இன்னொரு பட்டியலோடு கோக்கிற எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள். பணி எண், டெண்டர் எண், வவுச்சர் எண், சர்வே எண், ஏதாவது ஒன்று. அது இல்லாமல் ஐந்நூறு பக்கம் வந்தாலும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான்.

எக்செல் போதும். உண்மையான சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. அலுவலகத்திலிருந்து வரும் பி.டி.எஃப். பெரும்பாலும் ஸ்கேன் செய்த படமாக இருக்கும். பழைய கோப்புகள் வானவில் எழுத்துருவில் இருக்கும், யூனிகோடுக்கு மாற்றாமல் தேடவே முடியாது. ஒரே தெரு ஒரு தாளில் காந்தி ரோடு, அடுத்ததில் காந்தி சாலை, மூன்றாவதில் எம்.ஜி. ரோடு என்று இருக்கும். மூன்றும் ஒன்று என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது, அந்த ஊரில் நடந்தவருக்குத் தெரியும். இதையெல்லாம் ஒழுங்குபடுத்தவே பாதி நேரம் போய்விடும். அந்தப் பொறுமை வந்துவிட்டால் சார்ட்டை ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒவ்வொரு முறை போடும்போதும் ரோடு ஏறிக்கொண்டே போகிறது. மூன்று வாசற்படியில் இரண்டு புதைந்துவிட்டது. மழை வந்தால் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. கேட்டால் பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் போட்டோம் என்கிறார்கள். சுரண்டவில்லை என்று எப்படிக் காட்டுவது?
– இல்லத்தரசி, அம்மாபேட்டை

அம்மா, வந்த கடிதங்களில் முதலில் பதில் எழுதத் தோன்றியது உங்கள் கடிதத்துக்குத்தான். வீட்டுக்குள் சாக்கடை வருவதை ஒரு சின்ன விஷயமாகப் பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்துக்குத்தான் புது ரோடு போட வேண்டும், வீடுகள் தாழ்ந்துபோகக் கூடாது என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் எல்லாத் துறைகளுக்கும் அறிவுறுத்தியிருக்கிறார். அதனால் நீங்கள் கேட்பது சலுகை இல்லை.

ஒரு ரோட்டு வேலைக்குப் பின்னால் வரிசையாகக் காகிதங்கள் பிறக்கின்றன. முதலில் மதிப்பீடு, அதாவது எஸ்டிமேட். பிறகு டெண்டர், ஒப்பந்தம், வேலை உத்தரவு, அளவுப் புத்தகம், கடைசியில் பில். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அளவுப் புத்தகம். பொறியாளர்கள் எம் புக் என்பார்கள். வேலை நடந்த இடத்தில் நீளம், அகலம், கனம் என்று பொறியாளர் அளந்து அதில் எழுத வேண்டும், மேலதிகாரி சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஏறாத வேலைக்குப் பணம் கிடையாது. பக்கங்களுக்கு எண் போட்டிருக்கும், கிழித்துவிட்டு மாற்ற முடியாது. ஒரு தெருவின் கதை முழுவதும் அந்தச் சில பக்கங்களில் இருக்கிறது.

எஸ்டிமேட்டில் மில்லிங் என்றோ, பழைய தளத்தை அகற்றுதல் என்றோ ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் சுரண்டுவதாகத் திட்டமே போடவில்லை. அப்படியானால் உங்களிடம் சொன்னதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை. அந்த வரி இருந்தால், எம் புக்கில் அதே வேலைக்கு எத்தனை சதுர மீட்டர் எழுதி எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்று பாருங்கள். சுரண்டியதாகப் பணம் போயிருக்கிறது, படி மட்டும் புதைந்திருக்கிறது என்றால், அந்த முரண்பாட்டுக்கு அவர்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டும். நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

கனத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தெரு 150 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் கனம் என்று எழுதியிருந்தால், 150 × 3.5 × 0.03, அதாவது 15.75 கன மீட்டர் கலவை வந்திருக்க வேண்டும். தார்க் கலவை கன மீட்டருக்கு இரண்டே கால் டன்னுக்குக் குறையாது. அப்படியானால் 35 டன்னுக்கு மேல் லாரியில் வந்திருக்க வேண்டும். அன்றைக்கு எத்தனை லாரி வந்தது என்பதைத் தெருவில் எந்தப் பெண்மணியைக் கேட்டாலும் சொல்வார். கோலம் போட்ட இடத்தில் லாரி நின்றதை யாரும் மறப்பதில்லை.

இரண்டாவது பதிவை நீங்களே உண்டாக்குங்கள். தெருவின் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். மேல்படியிலிருந்து ரோடு வரை எவ்வளவு என்று டேப் வைத்து அளந்து, தேதி போட்டு, படம் எடுத்து வையுங்கள். அடுத்த முறை போடுவதற்கு முந்தின நாளும் போட்ட மறுநாளும் அளந்தால், அந்த நோட்டு எம் புக்குக்குப் பக்கத்தில் வைக்கத் தகுதியான ஆவணம்.

நகல் கேட்டால் பக்கத்துக்கு 2 ரூபாய் ஆகும். ஆனால் நான் சொல்வது, முதலில் ஆய்வு கேளுங்கள். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 2(ஜெ) பிரிவு வேலையையும் ஆவணத்தையும் நேரில் பார்க்க, குறிப்பெடுக்க, சான்றிட்ட நகல் வாங்க உரிமை தருகிறது. பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைக் கேட்கக்கூட அதில் இடமிருக்கிறது. ரோட்டில் போட்ட கலவையின் மாதிரியைக் கேட்கலாம் என்பது பல பேருக்குத் தெரியாது. ஆய்வில் முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் படிக்க ஒருவர் எழுதலாம். அங்கே யாரோடும் சண்டை வேண்டாம். பொறியாளர்களில் ஒழுங்காக அளக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர்களே எடுத்துக் காட்டுவதும் உண்டு.

கேள்வி: மனு கொடுக்கப் போனால் "உங்களுக்கு எதுக்குங்க இது?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?
– விசைத்தறி ஓட்டுபவர், கொண்டலாம்பட்டி

ஒன்றும் சொல்ல வேண்டாங்க. காரணம் கேட்கக் கூடாது என்று தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 6(2) பிரிவிலேயே இருக்கிறது. தொடர்புகொள்ள முகவரி இருந்தால் போதும். 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மனுவில் "ஏன் எங்கள் தெருவுக்கு விளக்குப் போடவில்லை" என்று எழுதாதீர்கள். அது கேள்வி, அதற்குப் பதில் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள் இல்லை. "எங்கள் தெரு விளக்கு சம்பந்தமான கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல்" என்று எழுதுங்கள். அது ஆவணம், கொடுத்தாக வேண்டும்.

கேள்வி: மலையில் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் வைத்தார்கள். இணையத்தில் எல்லா வீட்டுக்கும் இணைப்பு என்று காட்டுகிறது. குழாயைத் திறந்தால் மழைக்காலத்தில் கொஞ்சம் வரும், பங்குனி சித்திரையில் காற்றுதான் வருகிறது. ஊற்றுக்குத்தான் நடக்கிறோம். ஊராட்சித் தலைவர் பதவிக்காலமும் முடிந்துவிட்டது. இப்போது யாரிடம் கேட்பது? பேப்பரைப் படிக்கத் தெரியாத நாங்கள் என்ன செய்ய முடியும்?
– காபித் தோட்டத் தொழிலாளி, ஏற்காடு நாகலூர் பக்கம்

உங்கள் கடிதத்தை எழுதித் தந்த பள்ளி மாணவிக்கு முதலில் என் அன்பு.

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் இணைப்பு என்றால் குழாய் மட்டும் இல்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், தரமான தண்ணீர், தொடர்ந்து வர வேண்டும். நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு 220 லிட்டர் ஆகிறது. நீங்கள் தூக்குகிற பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும் என்றால் ஏறக்குறைய பதினைந்து குடம். இந்தக் கணக்கை ஊரில் எல்லோருக்கும் சொல்லுங்கள். பதினைந்து குடம் வருகிறதா, வரவில்லையா என்று அளப்பதற்குப் படிப்புத் தேவையில்லை.

அந்தத் திட்டத்தின் இணையதளத்தில் உங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறந்தால் இரண்டு நிலைகளைத் தனித்தனியாகப் பார்க்கலாம். எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிட்டோம் என்று துறை அறிவிப்பது ஒன்று. ஊர் மக்கள் சரிபார்த்து, ஆமாம் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டுச் சான்றளிப்பது இன்னொன்று. உங்கள் ஊர் எந்த நிலையில் இருக்கிறது என்று அந்த மாணவியை விட்டே பார்க்கச் சொல்லுங்கள். சான்றளித்ததாகக் காட்டினால், அந்தத் தீர்மானத்தின் நகலையும் அன்றைய வருகைப் பதிவின் நகலையும் கேளுங்கள். அன்று கூட்டம் நடந்ததா, கையெழுத்துப் போட்டவர்கள் ஊரில் இருந்தார்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும். இன்னும் சான்றளிக்கவில்லை என்றால் உங்கள் கையில் பெரிய பிடி இருக்கிறது. தண்ணீர் வராதவரை அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்காதீர்கள். எந்த மாதம் எத்தனை நாள் வந்தது என்ற கணக்கை அதே கூட்டத்தில் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள்.

தலைவர் இல்லாததால் கிராம சபை நின்றுவிடாது. 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தபோது தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள், கூட்டங்களும் நடந்தன. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களையும் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். மலையில் ஊற்று வற்றுகிற நேரத்தில் வருகிற கூட்டம் அது. உங்கள் குறிப்பை எடுத்துக்கொண்டு போக அதைவிட நல்ல நாள் இல்லை.

பேப்பரைப் படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். ராஜஸ்தானில் பாலி மாவட்டத்துக் கோட் கிராணா என்கிற ஊரில், 1994 டிசம்பர் 2 அன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்கிற கூலித் தொழிலாளர், விவசாயிகள் அமைப்பினர் மக்களைக் கூட்டி ஊர்க் கணக்கை வாய்விட்டுப் படித்தார்கள். யாருக்கு எத்தனை நாள் கூலி, எதற்கு எவ்வளவு சிமென்ட் என்று. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஆனால் தன் பெயருக்கு எதிரே எழுதியிருந்த கூலி தனக்கு வரவில்லை என்று சொல்ல எழுத்து தேவைப்படவில்லை. பிறகு 1996-ல் தகவல் உரிமை கேட்டு பியாவர் நகரில் 40 நாள் உட்கார்ந்து போராடினார்கள். 2005-ல் நாடு முழுமைக்கும் வந்த தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. தமிழ்நாட்டில் 1997-லேயே மாநில அளவில் ஒரு தகவல் சட்டம் வந்தது, ஆனால் அதில் விலக்குகள் அதிகம். கூலிக்காரர்களின் கோரிக்கையிலிருந்து பிறந்த சட்டம் என்பதால்தான் இந்தப் புதிய சட்டம் என் மனதுக்கு நெருக்கமானது. உங்கள் ஊரிலும் அந்தப் பிள்ளையைப் படிக்கச் சொல்லி எல்லோரும் கேளுங்கள்.

கேள்வி: பேப்பரில் வரும் மேட்டூர் அணை நீர்மட்டம், வரத்து, திறப்பு மூன்றையும் பல வருடமாக டைரியில் எழுதி வருகிறேன். எல்லாம் நெட்டிலேயே இருக்கிறது, எதுக்கு எழுதறீங்க என்று மகன் கேட்கிறான். இதனால் பயன் உண்டா?
– விவசாயி, எடப்பாடி பக்கம்

ஐயா, தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். இணையத்தில் இன்று இருக்கும் பக்கம் நாளை மாறலாம், காணாமலும் போகலாம். உங்கள் டைரியில் அன்றன்றைக்கு எழுதியது அப்படியே இருக்கும். பத்து வருடம் கழித்து யாராவது ஒரு எண்ணை மாற்றிச் சொன்னால் மறுக்க ஆவணம் வேண்டுமே.

அந்த டைரியிலிருந்து ஒரு பட்டியல் மட்டும் எடுத்துப் பாருங்கள், பாசனத்துக்குத் தண்ணீர் திறந்த தேதி. வழக்கமான நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டு வருடமும் அந்தத் தேதி தவறியது. 2016-ல் செப்டம்பர் 20, 2017-ல் அக்டோபர் 2. பிறகு 2020, 2021-ல் ஜூன் 12-க்கே திறந்தார்கள், 2022-ல் மே 24-க்கே திறந்தார்கள், 2024-ல் மறுபடி ஜூலை 28 வரை போனது. இந்தத் தேதிகளை வரிசையாகப் பார்த்தாலே டெல்டாவில் குறுவை வைத்தவர்களின் பன்னிரண்டு வருடப் பாடு தெரிந்துவிடும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அடிக் கணக்கை வைத்துத் தண்ணீரைக் கணக்கிடக் கூடாது. 1934-ல் கட்டி முடித்த அணை 120 அடியில் 93.47 டி.எம்.சி. பிடிக்கும். 100 அடியில் 65 டி.எம்.சி. அளவில்தான் இருக்கும். நீர்த்தேக்கம் மேலே போகப் போக விரிவதால், கடைசி 20 அடிக்குள் மட்டும் ஏறக்குறைய 28 டி.எம்.சி. அடங்கியிருக்கிறது. ஆகையால் நீர் இருப்பு என்ற எண்ணையும் எழுதுங்கள். வரத்து கன அடியில் வருகிறது அல்லவா? விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க வந்தால் ஒரு டி.எம்.சி.

இதை வைத்து என்ன கேட்கலாம் என்றால், உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரி 16 காவிரித் தீர்ப்பின்படி தமிழ்நாட்டுக்கு ஒரு சாதாரண ஆண்டில் மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. வர வேண்டும். ஜூனில் 9.19, ஜூலையில் 31.24 என்று மாதவாரியாகவும் பிரித்திருக்கிறார்கள். அங்கே அளப்பது மத்திய நீர் ஆணையம். உங்கள் மேட்டூர் வரத்தும் அந்தக் கணக்கும் அப்படியே ஒத்துப்போகாது. நடுவில் பெய்கிற மழையும், தொப்பையாறு போன்ற சிற்றாறுகளும் சேர்ந்துகொள்ளும். ஆனால் மழையே இல்லாத வாரங்களில் இரண்டும் நெருங்கி இருக்க வேண்டும். அந்த வாரங்களை மட்டும் மகனை எக்செல்லில் போடச் சொல்லுங்கள். அவருக்கும் டைரியின் அருமை புரியும்.

கேள்வி: சேலம் மாவட்டத்தில் பெண் குழந்தை விகிதம் நன்றாக ஏறிவிட்டது என்று மேடையில் பேசுகிறார்கள். உண்மையா?
– ஓய்வு பெற்ற கிராமச் சுகாதாரச் செவிலியர், ஓமலூர் வட்டம்

ஏறியது உண்மை. ஆறு வயது வரையிலான குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்கு 2001 கணக்கெடுப்பில் சேலத்தில் 851 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 2011-ல் 916. அந்தப் பத்து வருடத்தில் மாநில சராசரி 942-லிருந்து 943, அதாவது அசையவே இல்லை. சேலம் மட்டும் 65 ஏறியது உங்களைப் போன்ற செவிலியர்கள் வீடு வீடாகப் போனதின் பலனும்தான், அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய மாவட்டம் இது. எந்த நிலையில் தொடங்கியது என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் மேடையில் சொல்லாதது இரண்டு. 916 மாநில சராசரிக்குக் கீழேதான். அப்புறம், அது 2011-ஆம் வருடத்துக் கணக்கு. அடுத்த கணக்கெடுப்பின் நாள் 2027 மார்ச் 1. நடுவில் பிறந்த குழந்தைகளைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் பிறப்புப் பதிவேட்டுக்குப் போக வேண்டும். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி ஒவ்வொரு பிறப்பும் பதிவாகிறது. ஆண், பெண் எண்ணிக்கையை ஒன்றிய வாரியாக, ஆண்டு வாரியாகக் கேளுங்கள். பெயரும் முகவரியும் நமக்குத் தேவையில்லை, எண்ணிக்கை மட்டும் போதும்.

ஒரு கிராமத்தை மட்டும் எடுத்துப் பேசிவிடாதீர்கள் அம்மா. வருடத்துக்கு 40 பிறப்பு நடக்கும் ஊரில் 22 ஆண், 18 பெண் என்றால் விகிதம் 818 என்று பயமுறுத்தும். அடுத்த வருடம் 20, 20 என்றால் 1000. இரண்டிலும் யாரும் எந்தத் தவறும் செய்திருக்க வேண்டியதில்லை. இயற்கையாகவே ஆண் குழந்தைகள் கொஞ்சம் அதிகம் பிறப்பதால் 950-ஐ ஒட்டி இருப்பது இயல்பு. ஒன்றியம் முழுவதையும் ஐந்து வருடம் சேர்த்துப் பார்த்து, அப்போதும் 900-க்குக் கீழே நின்றால் கேள்வி கேளுங்கள். அவசரப்பட்டு ஒரு கிராமத்தின் மேல் பழி விழுந்தால் அங்கே கர்ப்பமாக இருக்கும் பெண்கள்தான் கஷ்டப்படுவார்கள். பிறக்கும்போதான விகிதமும் ஆறு வயது வரையிலான விகிதமும் வேறு வேறு என்பதையும் மேடைக்காரர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: வீடு கட்டும் திட்டப் பயனாளிகள் பட்டியல் கிடைத்திருக்கிறது. தகுதி இல்லாத பலர் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அப்படியே போட்டுவிடலாமா?
– இளைஞர், ஆத்தூர்

வேண்டாம் தம்பி. பட்டியலில் பெயர் இருப்பதால் அந்த ஆள் பணம் வாங்கினார் என்று ஆகிவிடாது. அவருக்கே தெரியாமல் அவர் பெயரில் யாரோ எடுத்திருக்கலாம். முதலில் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேளுங்கள். எழுதும்போது எத்தனை வீடு, எவ்வளவு தொகை, எந்தப் பதவியில் இருந்தவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார் என்பதை எழுதுங்கள். ஏழை வீட்டுப் பெயரும் வங்கி விவரமும் வெளியே போக வேண்டியதில்லை.

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். தனிப்பட்ட தகவல் என்றால் மறுக்கலாம், ஆனால் பொது நலன் இருந்தால் தரலாம் என்று தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவு முன்பு இருந்தது. 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 44(3) பிரிவின் வழியாக அதைத் தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கிவிட்டது. ஏழையின் விவரத்தைக் காப்பாற்றுவது சரி. அதையே காரணமாகச் சொல்லி அதிகாரியின் கையெழுத்தையும் மறைப்பது எனக்கு ஏற்புடையது இல்லை. பொது நலன் பெரிதாக இருந்தால் தகவலைத் தரலாம் என்கிற 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. மறுப்புக் கடிதம் வந்தால் மேல்முறையீட்டில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, என்ன பொது நலன் என்று இரண்டு வரி எழுதுங்கள்.

கேள்வி: மனு கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. பதிலே இல்லை. விட்டுவிடலாமா?
– மளிகைக் கடைக்காரர், செவ்வாய்ப்பேட்டை

விடாதீர்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அது முடிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். உங்களுக்கு அந்தக் கெடு முடிகிற நேரம், இந்த வாரமே அனுப்புங்கள். சில நாள் தாண்டிவிட்டால் தாமதத்துக்குக் காரணம் எழுதினால் ஏற்க இடமிருக்கிறது. அங்கேயும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் போடலாம். கெடு தாண்டிக் கொடுக்கும் தகவலுக்கு நகல் கட்டணம் வாங்கக் கூடாது என்று 7(6) பிரிவு சொல்கிறது. அதையும் மேல்முறையீட்டு மனுவில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.